நந்தவனமும் வண்டினமும்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயில் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன வானளாவிய கோபுரமும், கருங்கல் மண்டபமும், கருவறையில் ஒளிரும் தீபமுமே ஆகும். ஆயினும் கோயில் என்பது கல்லும் சுதையும் மட்டும் அன்று. இறைவன் திருமுடியில் ஏறும் கொன்றையும் வில்வமும் மண்ணில் முளைப்பன. அபிடேகத்துக்குரிய தேன் மலரில் பிறப்பது. அந்நாளில் தூண்டாவிளக்கில் எரிந்த இலுப்பெண்ணெய் மரத்தின் வித்திலிருந்து வருவது. இவற்றுக்கெல்லாம் உறைவிடமாய்க் கோயிலை அடுத்து நின்றது திருநந்தவனம்.

அந்நந்தவனத்தில் ஊழியம் செய்தவர் இரு திறத்தார். மண்ணைக் கொத்தி, நீர் இறைத்து, மலர் கொய்து, மாலை தொடுத்த அடியார் ஒரு திறத்தார். கூலியும் நிவந்தமும் வேண்டாது மலர்தோறும் சென்று காயும் கனியும் வித்தும் உண்டாகச் செய்த வண்டும் தேனீயும் வௌவாலும் தேன்சிட்டும் மற்றொரு திறத்தார். முன்னவர் பெருமையைத் திருத்தொண்டர் புராணமும் கல்வெட்டுகளும் பேசுகின்றன. பின்னவர் தொண்டினை நாம் நினைப்பது அரிது. இரண்டனையும் ஒருங்கே வைத்துச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலர்த்தொண்டு புரிந்த அடியார்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் மலர்த்தொண்டு பெற்றிருக்கும் இடம் மிகப் பெரிது. திருப்புகலூரில் தோன்றிய முருக நாயனார், வைகறையில் நீராடி, மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் கொய்து, காலத்துக்கு ஏற்ற மாலைகளாகத் தொடுத்து வர்த்தமானேச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தினார். கருவூரில் சிவகாமியாண்டார் கொணர்ந்த பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்திய போது, எறிபத்த நாயனார் மழுவெடுத்து அவ்யானையையே வீழ்த்தினார். திருவாரூரில் பூமண்டபத்தின் பக்கம் விழுந்து கிடந்த மலரை எடுத்து முகர்ந்தாள் என்பதற்காகச் செருத்துணை நாயனார் பல்லவ மன்னனின் தேவியையும் தண்டித்தார். ஒரு பூவுக்கு இத்துணை மதிப்பா என்று இக்காலத்தார் வியக்கலாம். அப்பூ ஓர் ஊரின் உழைப்பும் அன்பும் திரண்ட வடிவம் என்பதை உணர்ந்தார்க்கு வியப்புத் தோன்றாது.

இவர்களுள் நம் பொருளுக்கு மிகவும் உரியவர் சீகாழியில் அவதரித்த கணநாத நாயனார். அவர் தாமே ஒரு தொண்டு செய்ததோடு அமையவில்லை. தம்மை நாடி வந்தவர்களை நந்தவனம் பேணுவோர், மலர் கொய்வோர், மாலை தொடுப்போர், திருமஞ்சனம் கொணர்வோர், திருவிளக்கு ஏற்றுவோர், திருமுறை எழுதுவோர் என அவரவர் தகுதி நோக்கிப் பயிற்றினார். கோயிற்பணிக்கு ஒரு பள்ளி நடத்திய பெருமகனார் அவர். அப்பள்ளியில் நந்தவனப் பணியும் ஒரு பாடமாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கல்வெட்டுச் சான்று

புராணம் கூறும் இத்தொண்டு வெறும் கற்பனை அன்று என்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. திருநந்தவனத்துக்கென நிலம் விடுதலும், அதனை இறையிலியாக்குதலும், நந்தவனம் செய்வார்க்கு நெல்லும் உடைக்குரிய பொருளும் அளித்தலும் ஊர்தோறும் கல்லில் வெட்டப்பட்டன. அம்மலர்மாலைக்குத் திருப்பள்ளித்தாமம் என்பது பெயர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராச சோழன் காலத்துச் சாசனங்கள், இறைவன் நீராடும் திருமஞ்சன நீரை மணக்கச் செய்யச் சண்பக மொட்டும் ஏலமும் இலாமிச்சை வேரும் வாங்குதற்கு முதல் வைக்கப்பட்டதைக் குறிக்கின்றன.

பாடல்பெற்ற தலங்கள் 276 என எண்ணப்படும். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் உரிய தலமரம் ஒன்று உண்டு. பல தலங்களின் பெயரே மரத்தின் பெயராகவும் காட்டின் பெயராகவும் அமைந்துள்ளது. தில்லை, ஆலங்காடு, பாதிரிப்புலியூர், இடைமருதூர், முல்லைவாயில் என்பன அவ்வகையின. ஆனைக்காவில் வெண்ணாவல், மயிலையில் புன்னை, மதுரையில் கடம்பு, அண்ணாமலையில் மகிழம், குற்றாலத்தில் குறும்பலா. இறைவன் அந்தந்த நிலத்துக்குரிய மரநிழலையே தன் இருக்கையாகக் கொண்டான் என்னும் உண்மை இதனால் விளங்கும். தில்லை மரம் உப்பங்கழியில் வளர்வது. ஆதலின் இன்று அதனைச் சிதம்பர நகரத்துள் காண்டல் அரிதாயினும், அணித்தே உள்ள பிச்சாவரத்துக் காட்டில் காணலாம். அக்காடு 2022ஆம் ஆண்டில் உலக மதிப்பு வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது.

பூசைக்குரிய மலர்களை வகுத்துரைக்கத் திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்று ஒரு தனி நூலே செய்தார். அட்டபுட்பம் என ஆன்றோர் எண்ணும் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை ஆகிய எட்டும் நம் பாரத நாட்டு மண்ணிலும் நீரிலும் தொன்றுதொட்டு வளர்வன. மரம், செடி, நீர்க்கொடி என எல்லா வகையும் அவற்றுள் அடங்கியிருத்தலை நோக்குக.

ஓர் ஐயமும் அதன் விடையும்

இங்கே அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். வண்டு தீண்டாத மலரே பூசைக்கு உரியது என்று பெரியோர் கூறினர். தில்லையில் பூசித்த வியாக்கிரபாத முனிவர் வரலாற்றை எடுத்துக்காட்டுவர். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் அவ்வரலாற்றை விரித்துரைக்கும். பொழுது விடிந்தபின் கொய்தால் மலரை வண்டு ஊதிவிடும். விடியுமுன் கொய்யப் புகுந்தால் இருளில் கண் தெரியாது, பனி படிந்த மரத்தில் கால் வழுக்கும் என்று முனிவர் வருந்தினார். இறைவன் தோன்றி வேண்டும் வரம் யாதென, மரமேறுதற்குப் புலியின் கால் கைகளும், இருளில் காணுதற்கு உரிய கண்களும் வேண்டிப் பெற்றார். அதனாலே புலிக்கால் முனிவர் ஆயினார். அவ்வூரும் பெரும்பற்றப்புலியூர் ஆயிற்று. அங்ஙனமாயின் வண்டு பூசைக்குப் பகையன்றோ என்பது ஐயம்.

முனிவர் கேட்ட வரத்தை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வையம் நில்லாது. எதனையும் தரவல்ல பெருமான் எதிர்நின்று கேட்கும் போது, 'இவ்வனத்து வண்டுகள் ஒழிக' என்று அவர் கேட்கவில்லை. தம் உடம்பையே மாற்றிக் கேட்டார். வண்டினும் முன்னே எழும் விழிப்பை வேண்டினார். கூடைக்கு வேண்டும் மலரைக் கொய்துகொண்டு, எஞ்சிய வனம் முழுவதையும் வண்டுக்கு விட்டார். தொண்டர் தம்மைத் திருத்திக்கொள்வாரேயன்றிப் பிற உயிரை அழித்துப் பூசை செய்யார் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் நீதி.

வண்டு பகையன்று, அதுவும் அடியாரே என்பதற்கு வேறு தலங்கள் சான்றாகின்றன. நன்னிலத்தில் கோச்செங்கட் சோழர் எடுத்த மாடக்கோயில் ஒன்று உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பதிகம் பெற்ற அக்கோயிலில் இறைவன் திருநாமம் மதுவனேசுவரர். விருத்திராசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் தேனீக்களாக உருக்கொண்டு அங்கே உறைந்து வழிபட்டனர் என்பது தலவரலாறு. மன்னார்குடியை அடுத்த திருவண்டுதுறையில், பிருங்கி முனிவர் வண்டுருக் கொண்டு வழிபட்டார் என்பர். திருப்பருப்பதமாகிய சீசைலத்தில் அம்மையின் திருநாமம் பிரமராம்பிகை. பிரமரம் என்பது வண்டு. திருவாலங்காட்டில் அம்மை வண்டார்குழலி. திருப்புறம்பயத்தில் பிரளயங் காத்த விநாயகருக்கு விநாயக சதுர்த்தி இரவில் தேனாலேயே அபிடேகம் நிகழ்கிறது.

இவையேயன்றி, ஆலவாய் இறைவன் தருமிக்கு அருளிய பாடல் எனப் போற்றப்படும் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஒரு தும்பியை நோக்கிக் கேட்பதாகவே அமைந்துள்ளது. மலரின் மணத்தை அறிந்து சொல்லத் தக்க சாட்சி வண்டே என்று இறைவனே கொண்டான் போலும். மணிவாசகப் பெருமானும் திருக்கோத்தும்பியில் வண்டை விளித்தே இறைவன் திருவடியை ஊதுமாறு பணித்தார். கொய்த மலர் இறைவன் திருமுடியில் அருச்சனையாகிறது. கொய்யாத மலரில் வண்டு செய்வதும் ஓர் அருச்சனையே. முன்னது இன்றைய பூசை. பின்னது நாளைய பூசைக்கு வித்து.

வண்டு செய்யும் தொண்டு

இதனைச் சமயவுரை என்று மட்டும் கொள்ளற்க. 1793ஆம் ஆண்டில் செருமானிய நாட்டுப் பள்ளியாசிரியராகிய சுப்ரெங்கல் என்பார், மலரின் நிறமும் தேனும் பூச்சிகளை அழைத்து மகரந்தத்தை ஒரு மலரிலிருந்து மற்றொரு மலருக்குக் கொண்டுசெல்லவே அமைந்தன என்று நூலெழுதி வெளியிட்டார். அதன்பின் வளர்ந்த அறிவுத்துறை நம் சிவபூசை மலர்களைப் பற்றியும் அரிய செய்திகளைக் கூறுகிறது.

கொன்றையை எடுத்துக்கொள்வோம். அம்மலரில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுக்குரிய விருந்து. அதன் நடுவில் குட்டையான கேசரங்களும், வெளியே நீண்டு வளைந்த மூன்று கேசரங்களும் உள்ளன. பெரிய கருவண்டு மலரைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச் செய்யும். அவ்வதிர்வால் குட்டைக் கேசரத்தின் சிறு துளை வழியே உணவாகும் தூள் உதிரும். அதே வேளையில் நீண்ட கேசரத்தின் தூள் வண்டின் உடலில் படிந்து அடுத்த மலருக்குச் செல்லும். விருந்துக்கு ஒரு கேசரம், தொண்டுக்கு ஒரு கேசரம் என இறைவன் வகுத்த முறை இது.

எருக்கு மலரின் மகரந்தம் தூளாக உதிராது. சிறு பொதிகளாகத் திரண்டிருக்கும். அப்பொதி வண்டின் காலில் ஒட்டிக்கொண்டு வேறு மலரை அடைய வேண்டும். அதனைச் செய்ய வல்லதும் பெரிய கருவண்டே. பட்ட மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழ்வதால் இதனைத் தச்சன் வண்டு என்றும் சொல்வர். செந்தாமரையோ தன் பூவினுள் வெப்பத்தை 30 முதல் 36 பாகை வரை தானே காத்துக்கொள்ளும். மாலையில் இதழ் குவியும் போது உள்ளே தங்கிய வண்டு குளிரின்றி இரவைக் கழித்து, விடியலில் மகரந்தம் பூசிக்கொண்டு வெளிவரும். தாமரையில் சிறைப்பட்ட வண்டு எனப் புலவர் பாடியது கண்டறிந்த உண்மையே.

இலுப்பைக்கு வருவோம். இரவில் மலரும் அதன் பூவை நாடி வருவது பழந்தின்னி வௌவால். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதும், கனியை உண்டு வித்தைத் தொலைவில் பரப்புவதும் அதன் பணி. அவ்வித்தின் எண்ணெயன்றோ நம் கோயில்களில் காலங்காலமாக எரிந்தது! இருளில் பறக்கும் அவ்வுயிரை நாம் இகழ்கிறோம். நம் சந்நிதியின் ஒளிக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அறியோம். அத்தி பூத்தாற்போல என்பது பழமொழி. அத்தியும் ஆலும் அரசும் பூவாதன அல்ல. அவற்றின் பூக்கள் காய் போன்ற கூட்டினுள்ளே மறைந்திருப்பன. கடுகினும் சிறிய ஒரு குளவி நுண்துளை வழியே புகுந்து அங்கே மகரந்தத்தைச் சேர்க்கிறது. ஒவ்வோர் இன மரத்துக்கும் அதற்கே உரிய குளவியினம் உண்டு. அக்குளவி அழியின் வித்து இல்லை. வித்து இல்லையேல் அடுத்த தலமரம் இல்லை.

கோயிற்பூவோடு இது முடிவதன்று. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை, சிறிதளவேனும் இத்தகைய உயிர்களைச் சார்ந்தே விளைகின்றன என்று 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழு அறிவித்தது. நம் வீட்டுக் கத்தரியும் பூசணியும் இவற்றின் கைம்மாறு கருதாத உதவி பெற்றனவே.

பூ பொது, இலை சிறப்பு

எந்தச் செடியாயினும் பூத்தால் போதாதோ, நம் நாட்டுச் செடி எதற்கு என்பார் உளர். பட்டாம்பூச்சி தேனைப் பல மலரிலும் பருகும். ஆனால் அதன் புழு கண்ட இலையை எல்லாம் உண்ணாது. தனக்கென வகுத்த செடியின் இலையையே உண்ணும். வில்வத்தின் குருத்தில் பறவை எச்சம் போன்ற தோற்றத்துடன் ஒரு சிறு புழு இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அது நாளடைவில் பச்சை நிறம் பெற்று, கருமையும் மஞ்சளும் விரவிய அழகிய பட்டாம்பூச்சியாக எழும். கொன்றை இலையில் வளர்வன இளமஞ்சள் பட்டாம்பூச்சிகள். எருக்கிலையில் வளர்வது செம்மஞ்சள் சிறகுடைய ஒன்று. வில்வமும் கொன்றையும் எருக்கும் இல்லாத ஊரில், பிற பூக்கள் எத்துணை மலர்ந்தாலும் இவை தம் குலத்தைப் பெருக்க மாட்டா.

கோயில்களில் இன்று காணும் மலர்கள் யாவும் பழையன அல்ல. நாகலிங்க மரம் தென் அமெரிக்கக் காட்டுக்கு உரியது. துலுக்கச் செவ்வந்தி மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தது. ஈழத்தலரி என நாம் அழைப்பதும் அமெரிக்கக் கண்டத்தின் மரமே. அதன் மலர் மணத்தால் அழைக்குமேயன்றித் தேன் தருவதில்லை. அன்பர்கள் அன்போடு சாத்தும் இவற்றை விலக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. இவை விருந்தினராக இருக்கலாம்; வீட்டார் வெளியேற்றப்படுதல் கூடாது. அழகுக்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொணர்ந்த உண்ணிச்செடி இன்று மலைக்காடுகளை மூடியிருக்கிறது. அதே நூற்றாண்டில் வந்த சீமைக்கருவேலம், வன்னி நின்ற தரிசுகளில் பரவியிருக்கிறது. விருந்து வீட்டை விழுங்கிய கதை இது.

குறைவு நேர்ந்த வழி

நந்தவனங்கள் எவ்வாறு குறைந்தன? பூச்சந்தை பெருகியபின் ஊரில் மலர் வளர்க்கும் தேவை குறைந்தது. நிலமும் நீரும் சுருங்கின. நந்தவனம் இருந்த இடத்தில் மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் எழுந்த ஊர்கள் பலவற்றை யாம் கண்டுள்ளோம். எஞ்சிய இடத்திலும் சிமெண்டுத் தளம் பரவிற்று. சிவன் சொத்து குலநாசம் என்று அஞ்சுகின்ற நாம், நந்தவனமும் சிவன் சொத்தே என்பதை எண்ணிப் பார்த்தோமா?

நல்லெண்ணத்தால் நேரும் கேடும் உண்டு. அப்பர் பெருமான் உழவாரப் படை ஏந்திய பெருமையை எண்ணி அன்பர் பலர் திருப்பணிக்கு வருகின்றனர், அது போற்றற்குரியது. விமானத்திலும் மதிலிலும் வேரூன்றிக் கல்லைப் பிளக்கும் அரசங்கன்றை அகற்றத்தான் வேண்டும். ஆயின் மதிலோரத்துத் தும்பையையும் எருக்கையும் களை எனக் கருதி மருந்து தெளித்துக் கருக்குதல் முறையோ? தும்பை சிவபெருமான் உவந்து சூடும் மலர். சிறு தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் அதுவே அன்னசாலை. உழவாரப் படை கையால் பிடிப்பது. கையால் பிடிக்கும் கருவி, எதை நீக்குவது எதை விடுவது என்று கண்ணைக் கேட்டே இயங்கும். தெளிப்பான் அவ்வாறு கேட்பதில்லை. தேனீக்களுக்குக் கேடு எனக் கண்டு மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்தலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தடை செய்தது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு அதனைப் பிறர் சொல்லவும் வேண்டுமோ?

கோபுரத்தின் உயர்ந்த நிலைகளில் மலைத்தேனீ அடை வைப்பது உண்டு. கூட்டம் மிகுந்த திருவிழாவில் அது கலைந்தால் ஆபத்தே, மறுப்பதற்கில்லை. அதற்கு முறை, தீவட்டி கொண்டு எரிப்பதன்று. மலைத்தேனீ பருவம் மாறினால் தானே இடம் பெயரும் இயல்புடையது. அதுவரை அதன்கீழ்ப் புகையும் வாணவேடிக்கையும் இல்லாமல் காத்தலும், இன்றியமையாத போது தேனெடுத்தலில் பழகியவரைக் கொண்டு அகற்றுதலுமே தகும்.

நாம் செய்யத்தக்கன

ஒவ்வொரு கோயிலிலும் அத்தலத்துக்குரிய மரத்தின் கன்றுகள் சிலவற்றையேனும் அதே மரத்தின் வித்திலிருந்து வளர்த்தல் வேண்டும். அதற்கென மரத்தில் சில கிளைகளைக் கொய்யாது விடுக. கொன்றை, வில்வம், புன்னை, மகிழம், பாதிரி, இலுப்பை முதலிய மரங்களும், நந்தியாவட்டம், பவளமல்லி, எருக்கு, தும்பை முதலியனவும், குளத்தில் தாமரையும் நீலோற்பலமும் இருப்பின் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்று பூத்த வண்ணம் இருக்கும். அடுக்குப் பூவினும் ஒற்றைப் பூவே வண்டுக்கு உகந்தது. அடுக்கில் கேசரங்களே இதழ்களாக மாறிவிடுவதால் மகரந்தம் குறையும். நந்தவனத்தின் ஒரு மூலையில் தளமிடாத மண்ணும், ஒரு பட்டமரத் துண்டும் இருக்கட்டும். மண்ணில் துளையிட்டு வாழும் தேனீக்களும் தச்சன் வண்டும் அங்கே குடியிருக்கும். கோயில் மரவேலைப்பாட்டை நாடுதல் குறையலாம். ஆழமில்லாத தொட்டியில் நீர் வையுங்கள். வில்வத்தில் புழுவைக் கண்டால் மருந்து தேடாதீர்கள்; சில இலைகளை அது உண்ணட்டும். வில்வம் மீண்டும் தளிர்க்கும்.

கோயிலுக்கு நிலம் இல்லை என்பார் தம் வீட்டு முற்றத்தை நந்தவனமாக்கலாம். தொட்டியில் ஒரு நந்தியாவட்டம் வைத்தாலும் தொண்டே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நட்ட கன்று நீர் குறைவின்றி வேர்கொள்ளும். பறிக்கும் போது செடியை மொட்டையாக்காமல், ஆண்டவனுக்கு ஒரு கூடை, வண்டுக்கு மீதி என்று விடுதல் புலிக்கால் முனிவர் காட்டிய நெறி.

கணநாதர் தம் காலத்தில் தொண்டர்களைப் பயிற்றினார். நம் காலத்தில் அப்பள்ளி மீண்டும் தொடங்கப்பெறுதல் வேண்டும். ஊர் இளைஞர்க்குத் திருமுறை கற்பிக்கும் அன்பர்கள், கொன்றை எது, பாதிரி எது, அதில் வந்தமரும் வண்டு எது என்பதனையும் உடன் கற்பிப்பாராக. பதிகத்தில் பயிலும் மலரைக் கண்ணால் கண்டறியாத நாவு, அதன் பெயரை எத்தனை நாள் உச்சரிக்கும்? தேவர் வண்டாகி வழிபட்ட நாட்டில் வண்டுக்கு ஒரு பூ இல்லை என்னும் சொல் எழாதபடி காப்பது அடியார் கடன். எல்லா உயிரிலும் நிறைந்த பெருமான் அதற்குத் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்